தோளில் ஏறிய ஊசியும் நெஞ்சில் வந்த வாய்வும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அக்குபங்சர், அதாவது உடம்பின் சில புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தி நோவைக் குறைக்கப் பார்க்கிற சீனச் சிகிச்சை, எடுக்கப்போன என் மச்சாளுக்கு நடந்தது இது. என் கணவரின் அக்கா, வயது 61, ஆரம்பப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கொக்குவிலில் தனியாக இருக்கிறார், ஒரே மகன் ரொறன்ரோவில். நான் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மச்சாளின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். சிகிச்சை நிலையத்தின் பெயரையோ அது இருக்கிற ஊரையோ சொல்லப்போவதில்லை. அங்கே நல்லதும் நடந்தது, பிழையும் நடந்தது. இரண்டையும் எழுதினால்தான் வாசிப்பவருக்குப் பிரயோசனம்.

மச்சாளுக்குக் கழுத்தும் வலது தோளும் ஒன்றரை வருடமாக உளைவு. கரும்பலகையில் கையை உயர்த்தி எழுதியே வந்த நோ என்பது அவரின் நம்பிக்கை. பனடோல் போட்டார், எண்ணெய் பூசினார், முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் பற்றுப் போட்டார். ஆஸ்பத்திரி கிளினிக்கில் எக்ஸ்றே எடுத்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். கை விறைப்போ, பிடி தளர்வோ, காய்ச்சலோ, உடல் மெலிவோ இல்லை. இப்படியான அறிகுறிகளோடு கழுத்து நோ இருந்தால் அக்குபங்சருக்கு ஓடக்கூடாது, முதலில் டொக்டர் பார்க்கவேண்டும். மச்சாளை டொக்டர் பார்த்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார், ஆனால் நோ போகவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி தன் முழங்காலுக்கு ஊசி குத்தி நடக்கத் தொடங்கிய கதையைச் சொன்னதும் மச்சாளுக்கும் ஆசை வந்தது. நானும் துணைக்குப் போனேன்.

போகமுன் மகன் தொலைபேசியில் என்னைக் கேட்டான். "மாமி, உது உண்மையா வேலை செய்யுமோ?" தெரிந்ததைச் சொன்னேன். ஜேர்மனியில் நாரியில், அதாவது கீழ்முதுகில், நோ உள்ள 1,162 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. முறைப்படி ஊசி குத்தியவர்களில் 47.6 வீதமானோருக்குச் சுகம் தெரிந்தது. புள்ளி அல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 வீதம். வழமையான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 வீதம். ஊசி குத்தினால் பலருக்கு நோ குறைகிறது, எந்தப் புள்ளியில் குத்தினோம் என்பது சொல்லப்படுகிற அளவுக்கு முக்கியமில்லைப் போல் தெரிகிறது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை எழுதுகிற நைஸ் நிறுவனம் 2016இல் நாரி நோவுக்கு அக்குபங்சர் வேண்டாம் என்றது. 2021இல் நாட்பட்ட முதன்மை நோவுக்கு, அதாவது வேறு நோயால் விளக்கமுடியாத நீடித்த நோவுக்கு, ஒரு தவணை முயன்று பார்க்கலாம் என்றது. "அப்ப போகட்டும் மாமி, ஆனா நீங்களும் கூடப் போங்கோ" என்றான்.

முதல் நாள்

சிகிச்சையாளர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், நிதானமான மனுசன். ஊசியை எடுக்கமுன் அரை மணித்தியாலத்துக்கு மேல் கேள்விதான் கேட்டார். வலிப்பு இருக்கிறதா, நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, நிக்கல் நகை போட்டால் தோல் கடிக்குமா, முன்பு ஊசிக்கு மயங்கியதுண்டா. இளம் பெண்கள் வந்தால் பிள்ளைத்தாய்ச்சியா என்று கட்டாயம் கேட்பாராம், சில புள்ளிகளை அந்தக் காலத்தில் தொடமாட்டார்களாம். பிறகு இது:

"இரத்தம் இளக்கிற குளிசை ஏதும் போடுறீங்களோ, ரீச்சர்?"

"இல்லைத் தம்பி. பிறஷருக்கும் சீனிக்கும் மட்டும்தான்."

மச்சாளின் கைப்பையில் கிளினிக் கொப்பியும் குளிசை உறைகளும் எப்போதும் இருக்கும். அந்த வெள்ளைக் காகித உறைகளை மேசையில் பரப்பினேன். மூன்றாவது உறையில் அஸ்பிரின் 75 மில்லிகிராம். மச்சாள் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது "இரவுச் சாப்பாட்டோட போடுற சின்னக் குளிசை". பெயரும் தெரியாது, வேலையும் தெரியாது. எங்கள் ஊரில் எத்தனை பேருக்குத் தங்கள் குளிசையின் பெயர் தெரியும்? நோயாளியிடம் வாயால் கேட்டால் போதாது, உறையைப் பார்க்கவேண்டும் என்று வாட்டில் படித்ததை இந்தச் சின்ன அறையில் மறுபடி படித்தேன்.

அவர் பதறவில்லை. "அஸ்பிரின் எண்டா பரவாயில்லை அக்கா. ஊசி எடுத்தாப்பிறகு பஞ்சைக் கூட நேரம் அமத்திப் பிடிப்பன், கொஞ்சம் கண்டலாம். வார்பரின் எண்ட பலமான இரத்தம் இளக்கிற குளிசை எண்டா, இரத்தம் உறைய எடுக்கிற நேரத்தைக் காட்டுற கடைசி ஐஎன்ஆர் றிப்போட்டைப் பாக்காமல் கை வைக்கமாட்டன்."

ஊசிகளைப் பார்க்கத் தந்தார். ஒவ்வொன்றும் தனி உறையில், கிருமி நீக்கியது, காலாவதித் திகதி அச்சிட்டது. தடிப்பு 0.25 மில்லிமீற்றர், நீளம் 25 மில்லிமீற்றர். சீனி வருத்தக்காரர் பாவிக்கிற இன்சுலின் பேனாவின் ஊசியும் கிட்டத்தட்ட இந்தத் தடிப்புத்தான். இரத்தம் எடுக்கிற வழமையான ஊசி இதைவிட மூன்று மடங்கு தடிப்பு. உறையை எங்கள் கண்முன்னே கிழித்தார். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பாவித்த ஊசி போட மஞ்சள் நிறக் கெட்டிப் பெட்டி ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பாவித்த ஊசியை அவித்து மறுபடி பாவிக்கிற இடத்தில் ஒரு நிமிடமும் நிற்கவேண்டாம். ஈரல் அழற்சி பி அப்படிப் பரவிய சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன.

குத்தும்போது நுளம்பு கடித்த அளவுதான். பிறகு ஊசியை மெல்லத் திருகும்போது வருகிற உணர்வுதான் புதிது. சீன மொழியில் அதைத் தேச்சி என்கிறார்கள். மச்சாள் சொன்னது இப்படி: "நோகேல்லை. பாரமா, உள்ளுக்க உளையிற மாதிரி இருக்கு." அந்த மந்தமான உளைவு வரலாம். கரண்ட் அடித்தது போல் கையோடு பாய்ந்தாலோ, தீ சுட்டது போல் எரிந்தாலோ உடனே சொல்லவேண்டும், ஊசி நரம்பில் பட்டிருக்கலாம். பொறுத்துக்கொண்டு கிடப்பது எங்கள் பெண்களின் பழக்கம், இந்தக் கட்டிலில் அந்தப் பழக்கம் கூடாது.

ஐந்து நிமிடமாகியிருக்கும். மச்சாள் கொட்டாவி விட்டார், நெற்றியில் வியர்வை, "காது இரையுது" என்றார். சிகிச்சையாளர் ஒரு வினாடியும் வீணாக்காமல் எல்லா ஊசியையும் எடுத்து, நிமிர்த்திக் கிடத்தி, காலுக்குக் கீழ் தலையணை வைத்தார். மூன்று நிமிடத்தில் முகத்தில் இரத்தம் வந்தது. பிறகுதான் வெளிவந்தது, அன்று வெள்ளிக்கிழமை, விரதம், காலையிலிருந்து ஒரு தேத்தண்ணிதான். விரல் குத்திச் சீனி பார்த்தோம், இறங்கியிருக்கவில்லை. வெறும் வயிறும் பயமும் சேர்ந்த மயக்கம். இது முதல் தடவை வருபவருக்கு நடக்கக்கூடியதுதான். அதனால்தான் முதல் நாள் கதிரையில் இருத்திக் குத்தாமல் படுக்கவைத்துக் குத்துகிறார்கள். அடுத்த முறையிலிருந்து மச்சாள் இரண்டு இடியப்பமாவது சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

இரண்டாம், மூன்றாம், நான்காம் தடவைகள் நன்றாகவே போயின. ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு ஊசி, இருபது நிமிடம். எடுக்கும்போது ரீச்சர் படுத்தபடியே சத்தமாக எண்ணுவார்: "பதினொண்டு... பன்ரெண்டு. சரி தம்பி." மறந்து விட்டுப்போகிற ஊசி இந்தச் சிகிச்சையில் அடிக்கடி சொல்லப்படுகிற பிழைகளில் ஒன்று, முதுகிலோ தலைமயிருக்குள்ளோ ஒன்று நின்றுவிடும். எண்ணுவது நல்ல பழக்கம், சிகிச்சையாளரும் அதை மரியாதைக்குறைவாக எடுக்கவில்லை. தோளில் ஒரு இடத்தில் இருபத்தைந்து சத நாணய அளவில் கண்டியிருந்தது, அஸ்பிரின் வேலை. கழுத்தைத் திருப்பிப் பின்னால் வருகிற ஓட்டோவைப் பார்க்க முடிகிறது என்று மகிழ்ந்தார்.

ஐந்தாம் நாள்

அன்று நான் போகவில்லை. ஒரு செத்தவீடு. சிகிச்சையாளரும் கொழும்புக்குப் போயிருந்தார், அவரிடம் தொழில் பழகுகிற இளைஞர் ஒருவர் நின்றார். பின்னேரம் நாலு மணி. பழைய கொப்பியைப் புரட்டாமலே "எங்க நோகுது அம்மா?" என்று கேட்டார். மச்சாள் தோளைக் காட்டினார். குப்புறப் படுக்கச் சொன்னார்.

கழுத்தின் அடியில் துருத்தி நிற்கிற எலும்புக்கும் தோள் மூட்டின் முனைக்கும் நடுவில், தோள் தசையின் உச்சியில் ஒரு புள்ளி உண்டு. சீன வைத்தியம் பித்தப்பை நாடி என்று பெயரிட்ட உடற்பாதையின் 21ஆவது புள்ளி. கழுத்து நோவுக்கு மிகவும் பிரபலம், அமத்தினாலே எவருக்கும் சுகமாக இருக்கும் இடம். நுரையீரலின் உச்சி கழுத்தெலும்புக்கு மேலே இரண்டு இரண்டரை சென்ரிமீற்றர் எழும்பி நிற்கிறது என்பது படித்தவருக்குத் தெரியும், படுத்திருப்பவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் ஊசியை நேராக ஆழமாக இறக்கினால், மெலிந்த உடம்பில், தசையைத் தாண்டி நுரையீரலின் உறையைத் தொட்டுவிடும். மச்சாளின் நிறை 44 கிலோ. அன்று பாவித்தது 40 மில்லிமீற்றர் ஊசி, முந்தியவற்றைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு நீளம். அதைப் பிறகுதான் கேட்டறிந்தோம்.

வலது பக்கம் குத்தியபோது "சுருக்" என்று உள்ளே ஏதோ இழுத்தது, இருமல் வந்தது. "இருமினன், பிறகு நிண்டிட்டுது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லவும் வெக்கமா இருந்துது" என்றார் பிறகு. இருபது நிமிடம் அப்படியே கிடந்தார். காசு கொடுத்து ஓட்டோவில் வீட்டுக்கு வந்தார். போகும்போது எவரும் அவரிடம் எதையும் சொல்லிவிடவில்லை.

ஆறரை மணிக்கு வலது நெஞ்சின் மேற்பகுதியில் குத்தத் தொடங்கியது. மூச்சை இழுத்தால் கூடியது. யாழ்ப்பாணத்தில் நெஞ்சில் குத்தினால் அதற்கு ஒரு பெயர்தான்: வாய்வு. இஞ்சித் தேத்தண்ணி குடித்தார், ஓமத் தண்ணி குடித்தார். பத்து மணிக்குப் படுக்க முடியவில்லை, சாய்மனைக் கதிரையில் இருந்தபடி விடியும்வரை விழித்திருந்தார். பத்து நிமிட ஓட்டோத் தூரத்தில் இருக்கிற எனக்கு எடுக்கவில்லை. "நடுச்சாமத்தில ஏன் உங்களை எழுப்புவான் எண்டு" என்றார்.

விடிய ஐந்து மணிக்கு, ரொறன்ரோவில் இரவு ஏழரை, மகன் வழமைபோல வீடியோவில் எடுத்திருக்கிறான். அடுத்த நிமிடம் எனக்கு அழைப்பு. "மாமி, அம்மா ஒரு வசனத்தை முடிக்கேலாமல் இடையில நிண்டு மூச்சு எடுக்கிறா. வாய்வு எண்டுறா. எனக்குச் சரியாப் படேல்லை." நான் 1990க்கு எடுத்து அம்புலன்சைக் கொக்குவிலுக்கு வரச் சொல்லிவிட்டு, கணவரோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில்

நாடி 108, ஒட்சிசன் 93 வீதம். அறுபத்தொரு வயது, சீனி, பிறஷர், நெஞ்சு நோ. எந்த டொக்டரும் முதலில் இருதயத்தைத்தான் நினைப்பார், அது சரியும்கூட. ஈசிஜி எடுத்தார்கள். மாற்றமில்லை. "அம்மா, நேற்று ஏதும் விசேசமாச் செய்தனீங்களோ? விழுந்தனீங்களோ? பாரம் தூக்கினீங்களோ?"

"இல்லை டொக்டர். வாய்வுதான்."

நான் பக்கத்தில் நின்றேன். முந்தின நாள் அவர் ஊசிக்குப் போனது அந்த நேரம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. ஈசிஜி ஒட்டிகளைக் கழற்ற உடுப்பை விலக்கும்போதுதான் கண்டேன்: வலது தோள் உச்சியில், எள்ளளவில், காய்ந்த ஒரு சிவப்புப் புள்ளி. அதைச் சுற்றி இளநீலக் கண்டல்.

"மச்சாள், நேற்று ஊசிக்குப் போனீங்களோ?"

தலையைக் குனிந்துகொண்டு ஆம் என்றார்.

அந்த இளம் டொக்டர் உடனே ஸ்டெதஸ்கோப்பை வலது பக்கத்தின் உச்சிக்கு நகர்த்தினார், இடதைக் கேட்டார், மறுபடி வலது. மூச்சுச் சத்தம் குறைவு. எக்ஸ்றேயில் நுரையீரலின் உச்சியைச் சுற்றி மெல்லிய கறுப்பு விளிம்பு, அதற்கு உட்பக்கமாக மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு. நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் இடையில் காற்றுப் புகுந்து நுரையீரல் சுருங்கியிருந்தது. மச்சாள் வாய்வு என்றது ஒரு விதத்தில் உண்மை, காற்றுத்தான், ஆனால் வயிற்றில் இருக்கவில்லை.

விளிம்பு சிறியது என்பதால் குழாய் போடவில்லை. ஒட்சிசன், நோவுக்கு மருந்து, மணிக்கு மணி நாடியும் மூச்சும். பெரிதாகியிருந்தால் ஊசியால் காற்றை இழுப்பார்கள், அல்லது விலாவுக்கு இடையால் குழாய் விடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நடந்தால், அல்லது காற்று உள்ளே போய் வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறினால், உயிரும் போகலாம். மறுநாள் எக்ஸ்றேயில் கூடவில்லை. இரண்டு இரவுகளுக்குப் பிறகு வீட்டுக்கு விட்டார்கள். மூன்றாம் கிழமை எக்ஸ்றேயில் நுரையீரல் முழுதாக விரிந்திருந்தது. கனடாவுக்குப் போட்டிருந்த ரிக்கற்றைப் பின்போட வேண்டியதாயிற்று, ஏனென்றால் நுரையீரல் விரிந்ததை எக்ஸ்றேயில் உறுதிசெய்து குறைந்தது ஒரு கிழமை கழியாமல் விமானம் ஏறக்கூடாது.

இது எவ்வளவு அரிது என்பதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் பயங்காட்டுவதாகிவிடும். ஜேர்மனியில் 229,230 நோயாளிகளைத் தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. நூற்றுக்கு 8.6 பேர் ஏதோவொரு பக்க விளைவைச் சொன்னார்கள், பெரும்பாலும் கண்டலும் இரத்தக் கசிவும். நுரையீரல் சுருங்கியது இரண்டே பேருக்கு. ஆனால் அந்த ஆய்வில் ஊசி பிடித்த கைகள் எல்லாம் பயிற்சி பெற்ற மருத்துவர்களின் கைகள். உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டி, மருத்துவர் அல்லாதவர் முழுமையான அக்குபங்சர் சிகிச்சையாளராக 2,500 மணித்தியாலப் பயிற்சி வேண்டும் என்கிறது. சுவரில் தொங்குகிற சான்றிதழ் சனி ஞாயிறு வகுப்பில் எடுத்ததா, வருடக்கணக்கில் படித்து எடுத்ததா என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒன்ராறியோவில் பதிவில்லாதவர் அக்குபங்சர் சிகிச்சையாளர் என்று பலகை போட முடியாது என்று மகன் கோபத்தோடு சொன்னான்.

ஏன் சொல்லவில்லை

எனக்கு ஆறாத கேள்வி இதுதான். வாட்டில் அவரின் கட்டிலருகே இருந்து மெதுவாகக் கேட்டேன். "டொக்டர் ஏசுவார் எண்டு நினைச்சன். எங்கட குளிசையைத் தாறம், அதை விட்டிட்டு உங்க போனீங்களோ எண்டு கேப்பினம். பிறகு கிளினிக்கில மதிக்கமாட்டினம். அதோட தோளில குத்தினது நெஞ்சில என்ன செய்யும் எண்டு நினைச்சன்."

நான் வேலை செய்த காலத்தில் நாங்களும் ஏசியிருக்கிறோம். பற்றுப் போட்டு வந்தவரை, மூலிகை குடித்து வந்தவரை, எல்லோருக்கும் முன்னால். அந்த ஏச்சின் விலை இது: ஒரு ரீச்சர், தன் வாழ்நாளில் பிள்ளைகளிடம் உண்மை சொல் என்று சொன்னவர், மூச்சு முட்டிக்கொண்டு இருக்கும்போதும் வாயைத் திறக்கவில்லை. முதல் நாள் ஊசிக்காரருக்கு அஸ்பிரின் தெரியாமல் போகப் பார்த்தது, ஐந்தாம் நாளுக்கு மறுநாள் விடியலில் டொக்டருக்கு ஊசி தெரியாமல் போகப் பார்த்தது. நடுவில் ஓடியது ஒரே மனுசியின் உடம்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி தொடங்கினால் இங்கிலீஸ் மருந்தை நிறுத்தவேண்டும் என்று சொல்கிற வீடியோக்கள் எங்கள் கைத்தொலைபேசிகளுக்குத் தினமும் வருகின்றன. மச்சாளுக்கும் வந்தது. முதலாம் வகைச் சீனி வருத்தக்காரர் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிர் ஆபத்து. ஊசியால் நோ குறையலாம், இன்சுலின் சுரக்காது. குளிசையை நிறுத்தச் சொல்கிற சிகிச்சையாளரை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. கால் விறைத்த சீனி வருத்தக்காரர் சூட்டுக்கட்டை வைத்து ஒத்தடம் எடுப்பதும் வேண்டாம், சூடு தெரியாமல் புண்ணாகும்.

நான் சிகிச்சையாளரிடம் போனேன், சண்டைக்கு அல்ல. விசயம் தெரிந்ததும் அவரின் முகம் வெளிறியது. தன் தோள் தசையை இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துக் காட்டினார். "இப்பிடித் தூக்கி, இந்தத் தசைக்குள்ளயே சரிச்சுக் குத்தவேணும் அக்கா. நேர இறக்கவே கூடாது. நான் சொல்லிக் குடுத்தது காணாது போல. பிழை என்னிலதான்." அந்த இளைஞர் இப்போது தோளிலும் நெஞ்சிலும் முதுகிலும் தனியாகக் குத்துவதில்லை. வாசலில் ஒரு துண்டும் கொடுக்கிறார்கள். நான்தான் எழுதிக் கொடுத்தேன், மூன்று வரி: இன்றும் நாளையும் மூச்சு முட்டினால், நெஞ்சு குத்தினால், விடாத இருமல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கே ஊசி குத்தியது என்று டொக்டருக்குச் சொல்லுங்கள். இந்தத் துண்டைக் காட்டுங்கள்.

மச்சாள் இப்போது முழங்காலுக்கு மட்டும் அங்கே போகிறார், மூத்த சிகிச்சையாளர் நிற்கிற நாட்களில். போன கிழமை அவரின் கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். கடைசித் தாளில் அடிமட்டம் வைத்து நடுவில் கோடு கீறியிருந்தார். இடப்பக்கம் ஒவ்வொரு குளிசையின் பெயரும் அளவும், அஸ்பிரினுக்குப் பக்கத்தில் "இரத்தம் இளக்கும்" என்று. வலப்பக்கம் ஊசி குத்திய திகதி, இடம், எண்ணிக்கை. ஐந்தாம் வரியைச் சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார். அடுத்த கிளினிக்கில் அந்தத் தாளை விரித்து டொக்டரின் மேசையில் வைத்தாராம். டொக்டர் ஏசவில்லை, வாசித்துவிட்டு அதன் கீழ் கையெழுத்துப் போட்டுத் தந்தாராம்.